ஒளிப்புலப் படக்கலையின் தோற்றமும் வளர்ச்சியும்

கண்ணாற் கண்டதைக் கல்லிலும் சுவரிலும் துணியிலும் வடித்து வைக்க வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு மிகப் பழமையானது. குகைச் சுவரில் விலங்கின் உருவத்தைத் தீட்டியவனும், கோயிற் சுவரில் சிற்பம் செதுக்கியவனும் இவ்வேட்கையால் உந்தப்பட்டவர்களே. 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவ்வேட்கை பெரும்பாலும் நிறைவேறிவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஓவியனின் கை செய்ய வேண்டிய வேலையை ஒளியே செய்து முடித்தது.

ஆயினும் புகைப்படத்தில் ஒரு குறை எஞ்சி நின்றது. மலையும் மரமும் மனிதனும் ஒரே தட்டையான தாளில் ஒட்டிக்கிடந்தன. தலையைச் சிறிது சாய்த்தால், மரத்துக்குப் பின்னால் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவான். இஃது உலகத்தில் நாம் நாளும் காண்பது. படத்தின் முன் நின்று எவ்வளவு சாய்ந்தாலும் அவன் தெரியமாட்டான். இதற்குக் காரணம் எளியது. படத்தகட்டின் ஒரு புள்ளியில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைத்தான் புகைப்படம் குறித்து வைக்கிறது; அவ்வொளி எத்திசையிலிருந்து வந்தது என்பதைக் குறிப்பதில்லை. வில்லையின் இடப்பக்கம் வழியாக வந்த கதிரும் வலப்பக்கம் வழியாக வந்த கதிரும் ஒரே புள்ளியில் கலந்து, தம் வழியை இழந்துவிடுகின்றன. பொருளின் தொலைவு பற்றிய செய்தியும் அக்கலப்பிலேயே அழிந்துபோகிறது.

இழந்த அத்திசையை மீட்க அறிஞர் செய்த முயற்சியே ஒளிப்புலப் படக்கலையின் வரலாறு ஆகும். இவ்வரலாற்றில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. சிறந்த எண்ணம் முதலில் தோன்றிவிடுகிறது. அதை மலிவாகச் செய்யும் வழி நெடுங்காலம் கழித்தே வருகிறது. மலிவு வந்த பிறகே அவ்வெண்ணம் மக்கள் கைக்குச் சென்று சேர்கிறது.

இரு கண்ணும் இரு படமும்

புகைப்படக் கலை அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே, 1838இல், இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் அறிஞர் இலண்டன் அரச கழகத்தின் முன் ஓர் ஆராய்ச்சியை வைத்தார். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு நிலைகளிலிருந்து காண்கின்றன. அவ்விரு காட்சிகளின் வேறுபாட்டைக் கொண்டே மனம் ஆழத்தை உணர்கிறது என்பதை அவர் விளக்கினார். அதை மெய்ப்பிக்க, இரண்டு கண்ணாடிகளைக் கோணத்தில் நிறுத்தி, இடக்கண்ணுக்கு ஒரு படத்தையும் வலக்கண்ணுக்கு ஒரு படத்தையும் காட்டும் கருவியைச் செய்தார். அப்போது புகைப்படம் கிடையாது. கையால் வரைந்த கோட்டுருவங்களையே பயன்படுத்தினார். தட்டையான கோடுகள் கனவடிவாக எழுந்து நின்றன.

வீட்ஸ்டனின் கருவி மேசைமீது வைத்துப் பார்க்க வேண்டிய பெரிய கருவி. 1849இல் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிகளுக்கு மாற்றாக வில்லைகளை வைத்து, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சிறு பெட்டியாக அதை மாற்றி அமைத்தார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் இப்பெட்டி வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரும் அதில் ஆர்வம் காட்டினார். அதன்பின் இரட்டைப் படங்கள் ஐரோப்பிய இல்லங்களில் பரவத் தொடங்கின.

அதை மேலும் எளிமையாக்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இவர் மருத்துவர், எழுத்தாளராகவும் புகழ்பெற்றவர். 1861ஆம் ஆண்டளவில் இவர் அமைத்த கருவியில் மூடிய பெட்டி இல்லை. ஒரு மரச்சட்டம், இரு வில்லைகள், படத்தைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்த ஒரு குறுக்குக் கட்டை, ஒரு கைப்பிடி, அவ்வளவே. இதற்கு ஹோம்ஸ் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். அதனால் பலரும் செய்து விற்றனர், விலை தாழ்ந்தது, எகிப்தின் கூர்ங்கோபுரங்களையும் ஆல்ப்ஸ் மலையையும் நேரிற் காண வழியில்லாத எளிய குடும்பத்தார் வீட்டிலிருந்தே கனவடிவிற் கண்டனர். கருவியைக் கண்டுபிடித்தவர் வீட்ஸ்டன். மக்களிடம் கொண்டு சேர்த்ததில் ஹோம்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

எனினும் இரட்டைப் படத்துக்கு எல்லை உண்டு. அதில் இருப்பவை இரண்டே பார்வைகள். தலையை நகர்த்தினால் காட்சி மாறாது. கண்முன் கருவி இல்லாவிட்டால் படம் இல்லை. உண்மையான காட்சிக்கோ பார்வைகள் எண்ணற்றவை.

சாளரம் போன்ற படம்

இவ்வெல்லையைத் தாண்டிச் சிந்தித்தவர் கேப்ரியல் லிப்மன் ஆவார். 1845இல் லக்சம்பர்க் நாட்டில் பிறந்து, பாரிஸ் நகரின் சோர்போன் கல்விக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராக விளங்கிய இவருடைய ஆய்வுக்கூடத்திலேதான் மேரி கியூரி அம்மையாரும் தொடக்கத்தில் பணியாற்றினார். ஒளியலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு, சாயம் எதுவுமின்றி வண்ணப் படம் எடுக்கும் முறையை லிப்மன் 1891இல் வெளியிட்டார். அதற்காகவே 1908இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அம்முறை அழகானது, ஆனால் எளிதில் கையாள முடியாதது. படத்தகட்டின் பின்னால் பாதரசம் நிற்க வேண்டும். ஒளிபடும் நேரம் நீண்டது. எடுத்த படத்துக்குப் படி எடுக்க இயலாது. லிப்மன் பரிசு பெறுவதற்கு ஓராண்டு முன்னர், 1907இல், லூமியேர் உடன்பிறப்பாளர்கள் உருளைக்கிழங்கு மாவின் மணிகளுக்குச் சாயமேற்றிச் செய்த வண்ணத் தகடுகளைக் கடைக்குக் கொண்டுவந்தனர். வண்ணப் படம் எடுக்க விரும்பியோர் அத்தகட்டையே வாங்கினர். லிப்மனின் முறை ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது.

அதே 1908ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், லிப்மன் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் மற்றோர் எண்ணத்தை வைத்தார். அதற்கு 'முழுமைப் புகைப்படம்' என்று பொருள்படும் பெயரிட்டார். மிகச் சிறந்த புகைப்படமும் பொருளின் ஒரே ஒரு தோற்றத்தைத்தான் காட்டுகிறது. சாளரத்தின் வழியே பார்க்கும்போது எவ்வாறு நகர்ந்து நகர்ந்து புதிய தோற்றங்களைக் காண்கிறோமோ, அவ்வாறு காட்டும் படம் ஒன்றைச் செய்ய முடியுமா என்பதே அவர் எழுப்பிய வினா.

அவர் கண்ட விடை பூச்சிகளின் கண்ணை நினைவூட்டுவது. ஈயின் கண்ணிலும் தும்பியின் கண்ணிலும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கண்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அதைப்போலவே ஒரு மெல்லிய ஒளிபுகு தகட்டின் முன்பக்கம் முழுவதும் மிகச் சிறிய குவிந்த வில்லைகளை நெருக்கமாக அமைக்க வேண்டும். பின்பக்கம் ஒளியுணர் பூச்சைத் தடவ வேண்டும். ஒவ்வொரு சிறு வில்லையும் தான் இருக்கும் இடத்திலிருந்து காணும் காட்சியைத் தன் பின்னால் ஒரு கடுகளவு படமாக எழுதும். தகட்டைக் கழுவி, பின்னாலிருந்து ஒளியூட்டினால், ஒவ்வொரு சிறு படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் ஒளி, தான் வந்த வழியே வில்லை வழியாகத் திரும்பிச் செல்லும். இடக்கண்ணிருக்கும் இடத்துக்கு ஒரு தொகுதிக் கதிர்களும், வலக்கண்ணிருக்கும் இடத்துக்கு வேறொரு தொகுதிக் கதிர்களும் போய்ச் சேரும். பார்ப்பவர் கருவி எதுவும் அணிய வேண்டியதில்லை. தலையை நகர்த்தினால் காட்சியும் நகரும். மரத்துக்குப் பின்னால் நிற்பவனும் தெரிவான்.

சுருங்கக் கூறின், ஒளியின் அளவை மட்டுமன்றி அதன் திசையையும் சேர்த்துப் பதிவு செய்யும் வழியை லிப்மன் கண்டறிந்தார். பின்னாளில் தோன்றிய ஒளிப்புலக் கருவிகளுக்கெல்லாம் இதுவே வேர்.

எண்ணம் இருந்தது, பொருள் இல்லை

வேர் இருந்தும் செடி உடனே தழைக்கவில்லை. லிப்மன் விரும்பிய அளவுக்குச் சிறிய, ஒரே சீரான வில்லைகளை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கும் தொழில்நுட்பம் அந்நாளில் இல்லை. அவரே பின்னர்ச் செய்து பார்த்த சோதனையில் பன்னிரண்டு கண்ணாடி வில்லைகளையே பயன்படுத்த முடிந்தது. 1921ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வட அமெரிக்காவிலிருந்து கப்பலிற் திரும்பும் வழியில் அவர் காலமானார். தாம் கருதிய சாளரப் படத்தை முழு வடிவிற் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அவருடைய எண்ணம் மெய்யே என்பதைக் காட்ட மற்றவர் முயன்றனர். உருசியாவில் சொகொலோவ் என்பவர் 1911இல் வில்லைகளைக் கைவிட்டு, தகடு ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசித்துளைகளை இட்டுச் சோதித்தார். ஊசித்துளையும் ஒரு காமிராவே. அதற்குச் செலவும் குறைவு. ஆனால் துளை வழியே புகும் ஒளி மிகச் சிறிது. பிரான்சில் எஸ்தனாவ் என்பவரும் சிறு வில்லைகளைக் கொண்டும், பின்னர்த் துளைகளைக் கொண்டும் இச்சோதனையைத் தொடர்ந்தார்.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1931இல் மற்றொரு சிக்கலை எடுத்துக்காட்டினார். லிப்மன் கூறியவாறே படத்தை எடுத்து அப்படியே பார்த்தால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தலைகீழாகத் தோன்றும். மூக்கு முகத்துக்குள் குழிந்து காணப்படும். ஒரு முறை எடுத்த படத்தை மீண்டும் ஒரு முறை அதே வகைத் தகட்டில் படமெடுத்தால் இத்தலைகீழ் நிலை நேராகும் என்று அவர் வழி கூறினார். ஆனால் ஒவ்வொரு முறை படி எடுக்கும்போதும் படத்தின் தெளிவு குறையும்.

இந்நிலையில் சிலர் வேறொரு சமாதானத்துக்கு வந்தனர். நம் இரு கண்களும் பக்கவாட்டிலேயே அமைந்துள்ளன. ஆதலால் மேலும் கீழும் திசையைக் காக்காமல், இடமும் வலமும் மட்டும் காத்தாற் போதாதா என்று எண்ணினர். ஹெர்பர்ட்டின் தந்தையாரான பிரடெரிக் ஐவ்ஸ் 1903இலேயே மெல்லிய செங்குத்துக் கோடுகளால் ஆன தடுப்பின் மூலம் இதைச் செய்து காட்டியிருந்தார். தடுப்புக்கு மாற்றாக, வரிவரியாக ஓடும் குவிந்த பிளாஸ்டிக் வரம்புகள் பின்னர் வந்தன. புள்ளி வில்லைகளைவிட வரம்புகளை வார்ப்பது எளிது. 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் 'லுக்' இதழ், அறிவியலார் எடிசனின் மார்பளவுச் சிலையைக் காட்டும் இத்தகைய கனவடிவப் படம் ஒன்றைத் தன் பக்கங்களுக்கிடையே வைத்து வெளியிட்டது. அசைத்தால் காட்சி மாறும் அஞ்சலட்டைகளும் அடிமட்டக் கோல்களும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது இம்முறையினாலேதான். லிப்மனின் எண்ணத்தில் பாதியை விட்டுக்கொடுத்த பின்னரே மீதிப் பாதி மலிவாயிற்று.

ஒளிப்புலம் என்னும் கருத்து

கருவி செய்வோர் இவ்வாறு முயன்றுகொண்டிருக்க, ஒளியைப் பற்றிய கருத்தும் தனியே வளர்ந்து வந்தது. நாம் இருக்கும் அறையின் வெளி வெறுமையானதன்று. அதன் ஒவ்வொரு புள்ளியையும் எல்லாத் திசைகளிலும் ஒளிக்கதிர்கள் ஊடுருவிச் செல்கின்றன. எங்கே கண்ணை வைத்தாலும் அங்கே ஒரு காட்சி காத்திருக்கிறது. லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் இவ்வுண்மையை நன்கு உணர்ந்து எழுதியுள்ளார். 1846இல் மைக்கேல் பாரடே, காந்தப் புலத்தைப்போல ஒளியையும் ஒரு புலமாகக் கருதலாம் என்று ஓர் உரையிற் குறிப்பிட்டார். 1936இல் உருசிய அறிஞர் ஆந்திரே கெர்ஷூன் 'ஒளிப்புலம்' என்னும் பெயரிலேயே நூலெழுதி, அதற்குக் கணித வடிவமும் கொடுத்தார். அவர் நோக்கம் படம் எடுப்பதன்று. கட்டடங்களுக்குள் விளக்கொளி எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணக்கிடுவதே.

இரு நீரோடைகளும் கணினியின் காலத்தில் ஒன்றாயின. 1992இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அடெல்சன், வாங் என்னும் இருவர், ஒரே பெருவில்லை கொண்ட காமிராவுக்குள் சிறு வில்லைகளின் வரிசையைப் பொருத்தி, அதிலிருந்து பொருள்களின் தொலைவைக் கணக்கிட்டுக் காட்டினர். 1996இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லெவாய், ஹான்ராஹன் ஆகிய இருவரும் ஒளிப்புலத்தைக் கணினியில் எழுதி வைக்க எளிய வழியொன்றைக் கூறினர். இணையாக நிற்கும் இரண்டு கண்ணாடிப் பலகைகளை மனத்திற் கொள்க. ஒரு கதிர் முதற் பலகையை எவ்விடத்திற் கடந்தது, இரண்டாம் பலகையை எவ்விடத்திற் கடந்தது என்று குறித்தால் போதும். ஓரிடத்துக்கு இரண்டு எண்ணாக நான்கே எண்களில் அக்கதிர் முற்றும் அறியப்பட்டுவிடும். எல்லாக் கதிர்களையும் இவ்வாறு குறித்துவிட்டால், காமிரா ஒருபோதும் நில்லாத இடத்திலிருந்தும் காட்சி எவ்வாறு தோன்றும் என்பதைக் கணினி வரைந்து தரும்.

ஆனால் அத்தனை கதிர்களையும் பதிவு செய்வது எங்ஙனம்? ஸ்டான்போர்டில் நூறு அளவிலான காமிராக்களைச் சுவர்போல அடுக்கிப் படமெடுத்தனர். அது பல்கலைக்கழகத்தால் தாங்கக்கூடிய செலவு. தனி மனிதரால் தாங்க முடியாதது. இதற்கு மாறாக, 2000ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் கழகத்தின் மாணவர் ஒருவர், அலுவலகங்களில் தாள்களைப் படியெடுக்கும் சாதாரண மேசை ஸ்கேனரை எடுத்து, அதன் மேல் சிறு வில்லைகளை வரிசையாகப் பொருத்தி, அதையே ஒளிப்புலக் காமிராவாக மாற்றினார். ஸ்கேனர் மெதுவாக ஊர்ந்து செல்வதால் அசையாப் பொருள்களையே படம் பிடிக்க முடியும். எனினும் கடையிற் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே இதைச் செய்யலாம் என்பதை அம்முயற்சி காட்டியது.

கையடக்கக் கருவி

இதனைக் கையில் எடுத்துச் செல்லும் காமிராவாக்கிய பெருமை ரென் இங் என்பவரைச் சாரும். மலேசியாவிற் பிறந்த இவர், ஸ்டான்போர்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்தபோது, 2005இல் தம் குழுவினருடன் சேர்ந்து அக்கருவியை அமைத்தார். விற்பனையில் இருந்த காமிரா ஒன்றின் ஒளியுணர் தகட்டுக்கு முன்னால், ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்வில்லைகளை, வரிசைக்கு 296 வீதம் 296 வரிசைகளாகப் பதித்தார். மொத்தம் ஏறக்குறைய 90,000 வில்லைகள்! லிப்மன் பன்னிரண்டோடு நிற்க நேர்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இடையிற் சென்ற ஆண்டுகளில், மின்னணுத் தொழிலுக்காக வளர்ந்த நுண்வார்ப்புக் கலையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இக்கருவி தொழிற்படும் முறையை அறிதல் நலம். காமிராவின் பெருவில்லை ஒளியை நுண்வில்லையின் மேல் குவிக்கிறது. சாதாரணக் காமிராவாயின் அங்கேயே எல்லாக் கதிர்களும் கலந்துவிடும். இங்கோ நுண்வில்லை அவற்றை மீண்டும் பிரித்து, தன் பின்னால் உள்ள சுமார் 200 படப்புள்ளிகளின் மேல் பரப்புகிறது. பெருவில்லையின் இடவோரத்தில் புகுந்த கதிர் ஒரு புள்ளியிலும், வலவோரத்தில் புகுந்தது வேறொரு புள்ளியிலும் விழும். ஆக, எந்த நுண்வில்லை என்பது இடத்தைக் கூறும். அதன் பின்னால் எந்தப் புள்ளி என்பது திசையைக் கூறும்.

திசை தெரிந்தபின் இரண்டு பயன்கள் விளைகின்றன. முதலாவது, படமெடுத்து முடித்த பின்னரும் குவியத்தை மாற்றலாம். ஒவ்வொரு கதிரும் எவ்வழி சென்றது என்று தெரிவதால், தகடு சற்று முன்னோ பின்னோ இருந்திருந்தால் அக்கதிர் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கூட்டிவிடலாம். மங்கலாக இருந்த முகம் தெளிவாகும். இரண்டாவது, இடவோரத்துக் காட்சியையும் வலவோரத்துக் காட்சியையும் தனித்தனியே பிரித்து ஒப்பிடலாம். அருகிலுள்ள பொருள் இரு காட்சிகளிலும் மிகுதியாக இடம் மாறியிருக்கும்; தொலைவிலுள்ளது குறைவாக மாறியிருக்கும். நிலத்தை அளப்போர் இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்துத் தொலைவு காண்பதைப்போல, கணினி இதிலிருந்து ஒவ்வொரு பொருளின் தொலைவையும் காணும்.

இப்பயன்கள் விலையின்றிக் கிடைக்கவில்லை. அத்தகட்டில் இருந்தவை ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் படப்புள்ளிகள். இறுதியிற் கிடைத்த படத்திலோ நுண்வில்லைக்கு ஒன்றாக 90,000 புள்ளிகளே இருந்தன. மீதியெல்லாம் திசையைக் காப்பதற்குச் செலவாயின. மேலும், காட்சிகளுக்கிடையே உள்ள இடைவெளி பெருவில்லையின் அகலத்துக்கு மேற்படாது. ஆதலால் அருகிலுள்ள பொருளின் ஆழத்தை நன்கு அளக்கலாமேயன்றித் தொலைவிலுள்ள மலையின் ஆழத்தை அளக்க இயலாது. திசை வேண்டுமாயின் நுட்பத்தை இழக்க வேண்டும் என்னும் இக்கணக்கே பின்னர் நிகழ்ந்தவற்றை முடிவு செய்தது.

லைட்ரோவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ரென் இங் 2006இல் தம் ஆய்வேட்டை முடித்தார். அவ்வாண்டுக்குரிய சிறந்த கணினியியல் ஆய்வேடு என்று அது பரிசும் பெற்றது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் லைட்ரோ என்னும் பெயரைப் பெற்றது. 2012இல் அதன் முதற் காமிரா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சிறு சதுரக் குழாய் வடிவம். விலை 399 அமெரிக்க வெள்ளி முதல். அதுவரை ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்கூடங்களிலும் மட்டும் இருந்த ஒளிப்புலக் கருவி, பொதுமக்கள் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது.

மக்கள் வியந்து பார்த்தனர், பெருந்தொகையாக வாங்கவில்லை. 1 கோடியே 10 இலட்சம் கதிர்களைப் பதிவு செய்த அக்காமிரா இறுதியில் தந்த படத்தில் 12 இலட்சம் அளவிலான புள்ளிகளே இருந்தன. அக்காலத்துக் கைத்தொலைபேசிகள் அதைவிடப் பன்மடங்கு நுட்பமான படங்களை எடுத்தன. குவியத்தைப் பின்னர் மாற்றலாம் என்பது சில நாள் வியப்பாகவே பலருக்கு முடிந்தது. 2014இல் வந்த இரண்டாம் காமிரா 4 கோடிக் கதிர்களைப் பதிவு செய்தது. ஆனால் விலையும் 1,599 வெள்ளியாக ஏறிற்று. நிறுவனம் பின்னர்த் திரைப்படத்துறையையும் மெய்ந்நிகர்க் காட்சிகளையும் நாடியது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மூடப்படுவதாக அறிவித்தது.

ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள ரேட்ரிக்ஸ் என்னும் நிறுவனம் வேறு வழி சென்றது. 2010இலேயே ஒளிப்புலக் காமிராவை விற்கத் தொடங்கிய அது, பொதுமக்களை நாடாமல், இயந்திர உறுப்புகளைச் சோதிக்கும் தொழிற்கூடங்களையும் ஆய்வாளர்களையும் நாடியது. ஆழத்தை அளப்பதே தொழிலாக உடையவர்க்குப் படப்புள்ளி குறைவது பெருங்குறையாகத் தோன்றவில்லை.

மலிவு வந்த வேறு வழிகள்

லைட்ரோ மூடப்பட்டதை ஒளிப்புலக் கருத்தின் தோல்வி என்று கருதுவார் உளர். வரலாற்றைக் கூர்ந்து நோக்கின் அவ்வாறு கூற இயலாது. கருத்து வேறு வாயில்கள் வழியாக எளியவர் இடத்துக்கும் சென்றுகொண்டிருந்தது.

2007இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அசோக் வீரராகவன், ரமேஷ் ராஸ்கர் முதலியோர், நுண்வில்லைகளே வேண்டாம் என்று காட்டினர். நுண்ணிய கோலம் ஒன்றை அச்சிட்ட ஒளிபுகு தாளைத் தகட்டின் முன் வைத்தால், அக்கோலத்தின் நிழல் ஒளியின் திசையைக் குறித்துவிடும். கணக்கின் மூலம் அதை மீட்டுக்கொள்ளலாம். சொகொலோவின் ஊசித்துளைத் தகடு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் புதிய உருவில் திரும்பி வந்தது என்னலாம். துளைத்தகடு வீணாக்கிய ஒளியில் பெரும்பகுதியை இக்கோலம் காத்துக்கொள்கிறது.

2006இல் லெவாயும் ரென் இங்கும் பிறரும் சாதாரண நுண்ணோக்கியில் நுண்வில்லைத் தகட்டைப் பொருத்தி, ஒரே நொடிப்பில் சிற்றுயிரின் மேற்புறம், உட்புறம் எல்லாவற்றையும் பதிவு செய்தனர். நுண்ணோக்கிக்கு முன் உள்ள பொருள் மிக அருகில் இருப்பதால், ஆழம் காணும் ஆற்றல் அங்கே முழுப்பயன் தருகிறது. 2014இல் ஆய்வாளர் சிலர் இம்முறையால், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றின் நரம்பணுக்கள் உயிருள்ள நிலையிற் செயற்படுவதைக் கனவடிவிற் கண்டனர். வரிவரியாக ஊர்ந்து பதிவு செய்யும் கருவியால் பிடிக்க முடியாத விரைவான நிகழ்ச்சியை, ஒரே முறையில் எல்லாத் திசைகளையும் பிடிக்கும் இக்கருவி பிடித்தது.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் ஓசையின்றி வந்தது. 2013இல் கேனன் நிறுவனம், குவியத்தை விரைவாக அமைப்பதற்காக, ஒளியுணர் தகட்டின் ஒவ்வொரு படப்புள்ளியையும் இடம், வலம் என இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் முன்பே ஒரு நுண்வில்லை இருந்தது. எனவே ஒரு பாதி, பெருவில்லையின் ஒரு பக்கத்து ஒளியையும், மறு பாதி மறுபக்கத்து ஒளியையும் வாங்கிக்கொள்கிறது. இது நுண்வில்லைக்கு இரண்டே திசைகளைக் காக்கும் ஒளிப்புலக் காமிரா அன்றி வேறில்லை. 2017இல் கூகுள் நிறுவனம் தன் கைத்தொலைபேசியில் இவ்வமைப்பைக் கொண்டே, ஒரே வில்லையால் பொருள்களின் ஆழத்தைக் கணித்து, முகத்தைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டியது. இப்பணியில் முன்னின்றவருள் ஒருவர், 1996இல் ஒளிப்புலத்தை நான்கு எண்களாக எழுதிய அதே லெவாய் ஆவார்.

அவ்வில்லையின் இரு பாதிகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதிலிருந்து கிடைக்கும் ஆழம் முழுமையானதன்று. சாளரப் படம் அதில் இல்லை. தலையை நகர்த்தினால் மரத்துக்குப் பின்னால் நிற்பவன் தெரியமாட்டான். லிப்மன் எண்ணியதில் மிகச் சிறு பங்கே அது. ஆனால் அச்சிறு பங்குக்காக எவரும் தனியே ஒரு காமிராவை வாங்க வேண்டியதில்லை. படத்தின் நுட்பத்தையும் இழக்க வேண்டியதில்லை.

முடிவுரை

வீட்ஸ்டனின் கருவி ஹோம்ஸின் மரச்சட்டமாக எளிமையடைய ஏறத்தாழ 23 ஆண்டுகள் சென்றன. லிப்மனின் எண்ணம் பொதுமக்கள் வாங்கும் காமிராவாக 104 ஆண்டுகள் சென்றன. முன்னதற்கு வேண்டியது ஒரு தச்சனின் கைத்திறன். பின்னதற்கு வேண்டியவை நுண்வில்லை வார்ப்பு, மின்னணுத் தகடு, கணினி என்னும் மூன்றும். இம்மூன்றில் ஒன்றேனும் ஒளிப்புலப் படத்துக்காகவே தோன்றியதன்று. வேறு வேறு தேவைகளுக்காக உருவாகி, மலிவாகி, பின்னர் இதற்கும் துணையாயின.

ஆதலால் ஒரு கருத்து தன் காலத்தில் பயன்படாமற் போனது கொண்டு அதைத் தோல்வி என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. மாணவர்க்கு அறிவியல் வரலாற்றைக் கற்பிக்கும்போது, வென்ற கருவிகளின் பட்டியலை மட்டும் கூறுவது வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு வில்லைகளோடு நின்றுபோன லிப்மனின் சோதனையும், துளைத்தகட்டோடு நின்ற சொகொலோவின் முயற்சியும், கடைத்தெருவில் தோற்ற லைட்ரோவின் காமிராவும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். 1908ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூறப்பட்ட எண்ணத்தின் ஒரு சிறு கூறு, இன்று பலருடைய சட்டைப் பைக்குள் அவர்கள் அறியாமலே இருக்கிறது. எஞ்சிய கூறு, கண்ணில் எதையும் அணியாமல் பார்க்கக்கூடிய அந்தச் சாளரப் படம், எளியோர் வாங்கும் விலைக்கு வரும் நாளை இன்னும் எதிர்நோக்கி நிற்கிறது.